எம்ஸ் ஊற்றங்கரையில் இரண்டு காகிதங்கள்

ஜெர்மனி தேசத்தின் மேற்குப் பகுதியில், கோப்லென்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்தில், ரைன் நதியைச் சேரும் அவசரம் எதுவுமின்றி வளைந்து வளைந்து வரும் லான் ஆற்றின் கரையில், காடடர்ந்த குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது பாட் எம்ஸ் என்ற சிற்றூர். ஐரோப்பாவில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 11 ஸ்நான நகரங்களை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தபோது, ஜெர்மனியிலிருந்து இடம்பெற்ற மூன்று ஊர்களில் இதுவும் ஒன்று. ஆடம்பரத்தில், அந்த மூன்றில் இன்னொன்றான பாடன்-பாடனுக்கு இது தங்கைதான். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் போட்ட காகிதங்களைக் கொண்டு கணக்கிட்டால், அந்தத் தமக்கையை எம்ஸ் சுலபமாக வென்றுவிடும் என்பது என் கட்சி.

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கால்வைக்க வேண்டிய இடம், முன்னொரு காலத்தில் பிரபுக்களின் ஸ்நான மாளிகையாக இருந்து இப்போது பெரிய விடுதியாக விளங்கும் கூர்ஹவுஸ். கிரென்ஹென், கெஸ்ஸல் என்னும் இரண்டு ஊற்றுகளின் வெந்நீர் அங்கே கூடத்திலேயே கிடைக்கும். உப்பும் சோடாவும் கலந்த அந்த நீரைச் சுவைக்காக யாரும் குடித்ததில்லை. தொண்டைக் கட்டும் நெஞ்சுச் சளியும் தீரும் என்ற நம்பிக்கையில் குடித்தார்கள். அந்த நீரின் உப்பில் செய்த வில்லைகளைத்தான் ஜெர்மானிய மருந்துக் கடைகளில் இன்றும் தொண்டைக் கரகரப்புக்கு வாங்குகிறார்கள். அதிகாலையில் எழுந்து, கையில் கண்ணாடிக் குவளையோடு, வாத்திய கோஷ்டியின் இசையைக் கேட்டவாறு, ஆற்றோரச் சாலையில் மெள்ள நடந்துகொண்டே பருகவேண்டும் என்பது வைத்திய விதி. மன்னனும் மந்திரியும் வர்த்தகனும் ஒரே பாதையில், ஒரே வேளையில், மெய்க்காவலர் தொந்தரவின்றி உலவும் இந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், நாம் சொல்ல வந்த கதையின் முதற்பாதி நடந்தே இராது.

அந்தச் சாலையில், வாத்திய மண்டபத்துக்கு அருகே, ஒரு சிறு கல் பதித்திருக்கிறது. 13 ஜூலை 1870, காலை 9 மணி 10 நிமிஷம் என்பதே அதில் உள்ள வாசகம். ஸ்பெயின் தேசத்து ராணி இஸபெல்லா 1868 இல் முடியிழந்த பிறகு, காலியாயிருந்த சிம்மாசனத்துக்கு, பிரஷ்ய மன்னரின் ஹோஹன்ஸாலர்ன் வம்சத்து இளவரசர் லியோபோல்டின் பெயர் பிரஸ்தாபிக்கப்பட, தெற்கிலும் கிழக்கிலும் ஒரே குலத்தின் ஆட்சி தன்னை நெருக்குமென்று பிரான்ஸ் கொதித்தெழுந்தது. ஜூலை 12 ஆம் தேதி இளவரசரின் தந்தை அந்த உத்தேசத்தைக் கைவிட்டார். அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாரிஸில் இருந்தவர்களுக்கு வெற்றி போதவில்லை, எதிரி தலைகுனிவதையும் காண ஆசை. ஆகவே மறுநாள் காலையில் பிரெஞ்சு ஸ்தானிகர் பெனதெத்தி, ஊற்று நீர் அருந்தி உலவிக்கொண்டிருந்த 73 வயதான பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மைக் கண்டு, இனி எக்காலத்திலும் இத்தகைய உரிமைக் கோரலுக்குச் சம்மதிப்பதில்லை என்று உறுதிமொழி தரும்படி கேட்டார். மன்னர் மறுத்தார், மரியாதை குறையாமல்தான் மறுத்தார். பிற்பகலில் மீண்டும் பேட்டி கோரப்பட்டபோது, மேலே சொல்ல ஒன்றுமில்லை என்று மெய்க்காப்பு அதிகாரி மூலம் சொல்லியனுப்பினார்.

நடந்ததை விவரித்து, மன்னரின் உத்தியோகஸ்தரான ஆபெக்கென் பெர்லினுக்கு அனுப்பிய தந்தி, பிரஷ்யாவின் பிரதம மந்திரி பிஸ்மார்க்கின் கையை அடைந்தபோது அவர் சேனாபதி மோல்ட்கேயுடனும் யுத்த மந்திரி ரோனுடனும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். பிஸ்மார்க் ஒரு பொய்யையும் சேர்க்கவில்லை. காகிதத்தில் இருந்தவற்றுள் சிலவற்றை வெட்டினார், அவ்வளவே. வெட்டி எஞ்சியதைப் படித்தால், ஸ்தானிகர் மன்னரை அவமதித்ததாக ஜெர்மானியருக்கும், மன்னர் ஸ்தானிகரை வாசலிலேயே திருப்பியனுப்பியதாகப் பிரெஞ்சுக்காரருக்கும் தோன்றும். சோகத்தில் உணவைத் தொடாதிருந்த நண்பர்கள் இருவருக்கும் அந்தச் சுருக்கத்தைக் கேட்டதும் பசி திரும்பிற்று என்று பிஸ்மார்க் தம் நினைவுக் குறிப்புகளில் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். அன்றிரவே அது பெர்லின் பத்திரிகையில் வெளியாயிற்று. ஜூலை 19 இல் பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்தது. செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியன் ஸெடானில் கைதியானார். அடுத்த ஜனவரி 18 இல் வெர்ஸேல்ஸ் மாளிகையில் வில்ஹெல்ம் ஜெர்மன் சக்கரவர்த்தியானார். இத்தனைக்கும், ஜூலை 14 அன்று எம்ஸ் ரயில் நிலையத்தில் மன்னரும் பெனதெத்தியும் சுமுகமாகவே விடைபெற்றுக் கொண்டார்கள் என்பதைக் கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பூங்காவில் நிற்கும் வில்ஹெல்மின் சிலை, ராணுவ உடையை விடுத்து, நடைக்குக் கிளம்பிய ஸ்நான விருந்தாளியின் கோலத்தில் அவரைக் காட்டுவது பொருத்தமே. சூதாட்ட மண்டபமும், ஓஃபென்பாஹ் தம் சிறு இசை நாடகங்களை அரங்கேற்றிய நாடக சாலையும் பார்க்கத் தக்கவை. 1872 இன் இறுதியில் புதிய சாம்ராஜ்யம் சூதாட்டத்தைத் தடைசெய்ததும் அந்தக் கேளிக்கைகளின் களை குன்றியது. நான்கு மூலைகளிலும் கோபுரம் கொண்ட பழைய மாளிகையைக் காண்கிறவர்கள் மட்டும் சற்று நிற்கவேண்டும். அங்கே தங்கி வந்தவர் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தர். வில்ஹெல்முக்குச் சகோதரி மகன். ரஷ்ய விருந்தாளிகள் பெருகியதால் கட்டிய குமிழ் கோபுரக் கோயில் 1876 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே ஊரில், நம் கதையின் இரண்டாவது காகிதத்தில் ஜார் கையெழுத்திட்டார்.

அந்த ஆக்ஞையின்படி, ரஷ்ய சாம்ராஜ்யத்துக்குள் உக்ரேனிய மொழியில் நூல்கள் அச்சிடலாகாது. வெளிநாட்டில் அச்சானவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது. அம்மொழியில் நாடகம் நடிக்கலாகாது. பாட்டுக்கான இசைப் புத்தகங்களில் அதன் வரிகள் இடம்பெறலாகாது. பழைய சரித்திர ஆவணங்களுக்கும், தணிக்கைக்கு உட்பட்டு ரஷ்ய எழுத்து முறைக்கு இணங்கிய இலக்கியங்களுக்கும் மட்டுமே விலக்கு. 1863 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று ஏற்கெனவே இறுக்கியிருந்த சுருக்கை இது முடிச்சிட்டது. கீயெவிலிருந்த பூகோளக் கழகத்தின் கிளை மூடப்பட்டது. பேராசிரியர் த்ரஹோமானோவ் ஜெனீவாவுக்குப் போய் அங்கிருந்து பத்திரிகை நடத்தினார். ஆஸ்திரியாவின் ஆளுகையிலிருந்த ல்வீவ் நகரத்து அச்சுக்கூடங்களுக்கு வேலை மிகுந்தது. ஆணை பிறந்த சில வாரங்களுக்கெல்லாம் மூச்சுக் கோளாறுக்காக எம்ஸுக்கு வந்த தொஸ்தயேவ்ஸ்கி, தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைத் தம் தாய்மொழியில் எவர் தடையுமின்றி எழுதினார்.

தந்தியின் கதையைக் கேட்கவே இந்த ஊருக்கு வருகிறவர்கள் அதிகம். எனினும், ஆறே மாதங்களில் தன் காரியத்தை முடித்துக்கொண்ட அந்தக் காகிதத்தை விட, சுமார் முப்பது ஆண்டுகள் ஒரு ஜனசமூகத்தின் நாவைக் கட்டிவைத்த இந்தக் காகிதமே கொடியது என்று நான் கருதுகிறேன். 1881 இல் அகராதிகளுக்கும் நாடகங்களுக்கும் சிறிது தளர்வு தந்தார்கள். 1905 இல் ரஷ்யாவின் விஞ்ஞானக் கழகமே, உக்ரேனிய மொழி தனித்த மொழி என்றும் அதன்மீதுள்ள தடை நீங்கவேண்டும் என்றும் அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது. அந்த வருஷத்துப் புரட்சியோடு எம்ஸ் ஆணை வழக்கொழிந்தது.