ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை

போன மாசம் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். அங்கே பனியன் கடை வைத்திருக்கும் பள்ளித்தோழன் தன் மகனைப் பற்றிச் சொன்னான். "மனக்கணக்குல புலிடா. ஆனா ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான். ஏடிஹெச்டியா இருக்கும், டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. வெளிய தெரிஞ்சா லூசுன்னு பேர் கட்டிருவாங்க. எட்டாவதோட நிறுத்திக் கடையில உக்கார வெச்சரலாம்னு இருக்கேன். இதெல்லாம் இப்ப வந்த வியாதிடா."

கடைசியாகச் சொன்னது சரியா என்று தேடிப் பார்த்தேன். சரியில்லை.

1798-லேயே அலெக்சாண்டர் கிரிக்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கவனம் ஒன்றில் நிற்காத நிலையைப் பற்றி எழுதிவிட்டார். 1840-களில் ஜெர்மன் மருத்துவர் ஹாஃப்மன் வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில், சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டே இருந்து நாற்காலியோடு விழும் பிலிப் வருகிறான். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மூன்று உரைகள் நிகழ்த்தினார். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள கோளாறு என்றுதான் சொன்னார். ஆனால் அவர்களில் பலருக்கு அறிவில் குறையில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார். லூசு என்ற பேச்சுக்கு 1902-லேயே பதில் இருக்கிறது!

1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பள்ளிப் பாடத்தில் நன்றாக முன்னேறினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல் 'கவனக்குறைவுக் கோளாறு' என்று பெயர் வந்தது. ஏடிஹெச்டி என்ற பெயர் 1987-ல்தான். பெயர்தான் புதுசு, பிள்ளைகள் பழசு.

நம்மூர் நிலைமை? 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகள் இருந்தன. 2016 சட்டத்தில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்ந்தன. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. சட்டமே பெயர் சொல்லாததைக் கடைத்தெருவில் ஒருத்தன் சொல்லத் தயங்குவதில் ஆச்சரியம் என்ன?

ஒன்று சொல்லணும். சேட்டை பண்ணும் பிள்ளைக்கெல்லாம் ஏடிஹெச்டி கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரியணும். அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்லணும். டீச்சரோ நானோ இல்லை.

இதையெல்லாம் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே, ஒரு இடத்தில் உட்காராதவனைக் கடையில் எப்படிடா உட்கார வைப்பாய் என்றும் கேட்டேன். ராத்திரி பதில் வந்தது: "சரி, கூட்டிட்டுப் போறேன். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."