இரவல் பாடல்களின் இரவு

பிறர் பாடல்களைப் பாடுவது, மேற்கத்திய ராக் உலகில் வளரும் குழுக்களின் பழக்கம். மதுக்கூடங்களில் அவ்வாறு வாசித்துப் பழகுவார்கள். பெயர் கிடைத்ததும் விட்டுவிடுவார்கள். பெயர் பெற்ற பின்னர் ஒரு குழு முழுக் கச்சேரியையுமே இரவல் பாடல்களுக்கு ஒதுக்கியது என்றால், அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. 1995 ஜனவரி 31 அன்று லண்டனில் அமெரிக்கக் குழுவான ட்ரீம் தியேட்டர் நிகழ்த்திய கச்சேரி அத்தகையது. பிறர் பாடலைப் பாடுவதை ஆங்கிலத்தில் 'கவர்' என்பர். அச்சொல்லை வைத்து விளையாடி, திரை விலகியது என்ற பொருளும் தொனிக்க, அந்நிகழ்ச்சிக்கு 'அன்கவர்டு' என்று பெயரிட்டிருந்தனர்.

1985இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற ஜான் பெட்ரூசி, ஜான் மியுங், மைக் போர்ட்னாய் என்னும் மூன்று மாணவர்கள் தொடங்கிய குழு இது. மெட்டல் இசையின் வன்மையையும், எழுபதுகளின் புரோகிரசிவ் ராக் வளர்த்தெடுத்த நீண்ட அமைப்பு, மாறிமாறி வரும் தாளக் கணக்கு ஆகியவற்றையும் ஒன்றாக இணைத்தது. 1992இல் வெளிவந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' இசைத்தொகுப்பு அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது.

1995 பிறந்தபோது நிலைமை வேறு. முந்தைய ஆண்டில் 'அவேக்' தொகுப்பு முடியும் தறுவாயில் கீபோர்டு கலைஞர் கெவின் மூர் விலகிவிட்டார். அவருடைய இடத்தில் வாசித்த டெரெக் ஷெரினியன் அப்போது சுற்றுப்பயணத்துக்காக அமர்த்தப்பட்டவர் மட்டுமே. பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் நிலை இன்னும் மோசம். 1994 டிசம்பரில் கியூபாவில் விடுமுறையைக் கழித்தபோது கெட்ட உணவால் கடும் வாந்தி எடுத்து, குரல் நாண்கள் காயமுற்றன. ஓய்வு தேவை என்று மருத்துவர்கள் கூறியிருந்தும் அடுத்த மாதமே அவர் மேடையேறினார். குரல் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

கச்சேரி நடந்த ரோனி ஸ்காட்ஸ் 1959இல் தொடங்கப்பட்ட ஜாஸ் மன்றம்; 1965 முதல் சோஹோ பகுதியின் ஃபிரித் தெருவில் இயங்குகிறது. அங்கே ராக் இசை ஒலிப்பது முதல்முறை அன்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில், இறப்பதற்குச் சில நாள் முன்பு, கடைசியாகப் பொதுமேடையில் கிதார் வாசித்தது அவ்வரங்கில்தான்.

அன்றிரவு டீப் பர்ப்பிள், லெட் செப்பெலின், எல்டன் ஜான் ஆகியோரின் பாடல்கள் ஒலித்தன. பிங்க் ஃபிளாய்டு, கான்சஸ், குயின், ஜர்னி, டிக்ஸி டிரெக்ஸ், ஜெனிசிஸ் என்னும் ஆறு குழுக்களின் இசையை ஒரே மாலையாகக் கோத்துப் பத்து நிமிடங்களுக்கு மேல் வாசித்தனர். மாரிலியன் குழுவின் ஸ்டீவ் ஹோகார்த்தும் ஸ்டீவ் ராதரியும் மேடையேறித் தங்கள் 'ஈஸ்டர்' பாடலை அளித்தனர். யெஸ் குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ், தம் குழுவின் இசைக்கோவையில் கலந்துகொண்டார். நேபாம் டெத் குழுவின் பார்னி கிரீன்வே உறுமும் குரலில் மெட்டாலிகாவின் பாடலொன்றைப் பாடினார். நுண்மைக்குப் பெயர் பெற்ற ஹவ்வும் உறுமலுக்குப் பெயர் பெற்ற கிரீன்வேயும் ஒரே நிகழ்ச்சியில் இடம்பெற்றதே அக்குழுவின் பூர்வீகம் எத்தனை கிளைகள் கொண்டது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இப்பட்டியலில் பெரும்பான்மையும் ஆங்கிலேயக் குழுக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் பங்க் இயக்கம் எழுந்தபோது, புரோகிரசிவ் ராக் அது பிறந்த இங்கிலாந்திலேயே ஆடம்பரம் என்று எள்ளப்பட்டது. அவ்விசையை இசைத்தட்டுகள் வழியே கற்ற அமெரிக்க மாணவர்கள், அதன் தாய்மண்ணுக்கே வந்து, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரை அருகில் நிறுத்தி வாசித்துக் காட்டினர்.

நம் இலக்கண மரபு இதைப் புரிந்துகொள்ள உதவும். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தலையும் விரித்தலையும் வழிநூலின் வகைகளாகச் சேர்க்கிறது. வழிநூல் செய்வது அங்கே குறைபாடு அன்று. ஆறு குழுக்களைக் கோத்த அந்த மாலை, தொகுத்தலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தனித்தன்மையே கலைஞனின் மூலதனம் என்று நம்பும் ராக் உலகில், தான் யாரிடம் கற்றோம் என்பதை வரிசையாகச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஓர் உறுப்பினரை இழந்து, பாடகரின் குரலும் நலிந்திருந்த வேளையில் அவர்கள் அதைச் செய்தார்கள்.

அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' தொகுப்பில் இக்கச்சேரியின் ஒரு பகுதி இடம்பெற்றது. ரசிகர்கள் திரண்டு கோரியதன் பேரில் ஒலிப்பதிவான 23 நிமிடச் சொந்தப் பாடலுக்குப் பின்னே இரவல் பாடல்கள் தொடர்ந்தன. அதன் தலைப்புப் பாடலைப் பதிவு செய்யும்போது ஷெரினியன் முழு உறுப்பினராகியிருந்தார். விருந்தினர் பங்கேற்ற பகுதிகளுக்கு மட்டும் அத்தட்டில் இடமில்லை. ஹோகார்த்தையும் ஹவ்வையும் கிரீன்வேயையும் கேட்க விரும்பியவர்களுக்கு ரசிகர்கள் தமக்குள் கைமாற்றிக்கொண்ட பதிவுகளே கைகொடுத்தன. 2002 முதல் 2006 வரை மெட்டாலிகா, அயர்ன் மெய்டன், பிங்க் ஃபிளாய்டு, டீப் பர்ப்பிள் ஆகியோரின் முழுத் தொகுப்புகளையே குழு மேடையில் வாசித்தது. அவ்வழக்கத்தின் வேரைத் தேடுவோர் ஃபிரித் தெருவின் அந்த ஓரிரவுக்கே வந்து சேர்வர்.