25-ஆம் யாண்டின் 275-ஆம் நாள்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஸ்ரீவிமானத்து உச்சியில் வைப்பதற்கென்று 3,083 பலம் நிறையுள்ள செப்புக்குடத்தையும், அதன்மேல் போர்த்த 2,926½ கழஞ்சுப் பொன்னையும் முதலாம் இராஜராஜன் அளித்தது, தன் ஆட்சியின் 25-ஆம் யாண்டில் 275-ஆம் நாள் என்று அக்கோயிற் கல்வெட்டு உரைக்கிறது. மன்னன் பட்டமேறிய தினத்தை அறிந்திருந்த அக்காலத்துக் கணக்கருக்கு இதைவிட ஸ்பஷ்டமான தேதி வேறு வேண்டியிருக்கவில்லை. நமக்கோ அத்தினம் தெரியாது. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், சோழர் சாசனங்களில் வரும் திதி வார நட்சத்திரங்களைக் கணித்து, அம்மன்னன் அரியணை ஏறியது 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் என்ற அளவுக்கே நிச்சயப்படுத்தினார். அதன்படி, குடம் அளித்த நாளும் 1010 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையே ஒரு மாத விஸ்தாரத்தில் உலவுகிறது. 'ஏப்ரல் இன்ன தேதி' என்று மட்டும் எழுதி யாண்டையும் நாளையும் விட்டுவிடுகிறவர்கள், கல் சொல்லாததைச் சொல்வதோடு, பட்டாபிஷேக நாள் பின்னொரு சாசனத்தால் திருந்துமாயின் மறுபடி கணிப்பதற்குரிய மூலத்தையும் அழித்துவிடுகிறார்கள்.

சாசன இலாகாவினர் இதை உணர்ந்தவர்கள். அவர்களுடைய ஆண்டறிக்கை அட்டவணைகளில், கல்லில் கண்ட யாண்டும் சகாப்தமும் தேதிப் பத்தியில் நிற்க, ஆங்கிலத் தேதிக் கணிப்பு குறிப்புப் பத்தியில் ஒதுங்கியிருக்கும்.

காவிரிப் பாசன கிராமங்களின் பயிர்க் கணக்கான அடங்கலுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அதில் வழங்கும் பசலி ஆண்டு பிறப்பது ஜூலை 1-ல். ஆதலால் பசலி 1434-ஐ வெறும் 2024 என்று பெயர்த்தெழுதினால், 2025 மாசியில் அறுத்த தாளடி முந்திய வருஷத்து விளைச்சலாகிவிடும்.

இன்று இவ்வட்டவணைகள் சிஎஸ்வி கோப்புகளாகக் கணினிக்குள் வருகின்றன. இது தேதி, இது எண் என்ற அடையாளம் ஏதும் அக்கோப்பில் இராது. திறக்கிற எக்செல்தான் யூகித்துக்கொள்கிறது. 5-12 என்ற வரிசை எண்ணைக் கேளாமலே டிசம்பர் 5 என்றோ மே 12 என்றோ ஆக்கிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு! 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணுவதால், தேதி வடிவம் தந்த பத்தியில் பசலி 1434-ஐ அது 1903 டிசம்பர் 4 என்று காட்டும். இராஜராஜனின் 1010-ஆம் ஆண்டுத் தேதியோ அதன் காலண்டருக்கே அப்பாற்பட்டது. கோப்பை நேராகத் திறவாமல், 'டேட்டா' பட்டியின் வழியே இறக்குமதி செய்து, அப்பத்தியை 'டெக்ஸ்ட்' என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் எழுதியது எழுதியபடி நிற்கும். கணிப்புக்குப் பக்கத்துப் பத்தி இருக்கிறது.