ஹூட்ரியின் களிமண்

கனத்த எண்ணெயைக் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைத்துப் பெட்ரோலாக்கும் தொழில் அமெரிக்காவில் 1913 முதலே நடந்து வந்தது. அவ்வேலைக்குக் களிமண்ணை வினையூக்கியாக்கி வெற்றி கண்டவர் யூஜின் ஹூட்ரி என்னும் பிரெஞ்சுப் பொறியியலறிஞர். எண்ணெய் உடையுங்கால் களிமண்மேல் கரி படியும்; உடனே அதன் ஆற்றல் குன்றும். ஹூட்ரி சூடான காற்றைச் செலுத்தி அக்கரியை எரித்தார். களிமண் மீண்டும் பயன்பட்டது. எரிந்த வெப்பமும் வீணாகவில்லை. எளிய உபாயந்தான், ஆயினும் அவர் புகழுக்கு அதுவே அடிப்படை எனலாம். 1937இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹுக்கில் இதற்கெனப் பேராலை எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டு விமானங்களுக்கு உயர்தரப் பெட்ரோலை இம்முறை பெருமளவில் வழங்கிற்று.

பெட்ரோலைப் பெருக்கிய அவரே முதுமையில் அதன் புகையைத் தூய்மையாக்க முனைந்தார். அதற்கென 1950களில் அவர் வகுத்த வினையூக்கிக் கருவியைப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பாழாக்கியது. 1962இல் ஹூட்ரி மறைந்தார். ஈயமற்ற பெட்ரோல் வந்தபின், 1975ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்கக் கார்களிலேதான் அத்தகைய கருவி பரவலாக இடம்பெற்றது.