கோடைக்கானல் போகுமுன்

கோடைக்கானலுக்குப் போவது என்று முடிவு செய்வது சுலபம். எந்த மாதம் போவது, எத்தனை நாள் தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்குள் பாதி விடுமுறை கழிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இ-பாஸ் என்று ஒன்றும் வந்து சேர்ந்தது. வண்டியின் எண்ணையும் போகும் தேதியையும் பதிந்து, அநுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மலையேற வேண்டும். "குளிரில் நடுங்குவதற்குக்கூடச் சீட்டா?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே மலையில் ஏறுவதற்கு அந்த நாளில் மனிதர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று படித்த பிறகு, இந்தச் சீட்டு ஒரு சிரமமாகவே படவில்லை.

கோடைக்கானல் பணக்கார ஊர் என்று பெயர் வாங்கியது. ஏரிக்கரை ஓரத்து விடுதிகளில் அறை வாடகையைக் கேட்டாலே மத்தியதர வர்க்கத்துக்கு மலையேறாமலே மூச்சு வாங்கும். உல்லாசத்துக்கென்றே யாரோ கட்டிவைத்த ஊர் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் உண்மை வேறு. மரண பயத்தில் பிறந்த ஊர் அது.

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் சிலர் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். மதப் பிரசாரமும் பள்ளிக்கூடமும் அவர்களுடைய நோக்கம். மதுரைச் சீமையின் வெயிலும் விஷஜுரமும் காலராவும் அவர்களுடைய நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. சில வருஷங்களுக்குள் பலர் மாண்டுபோனார்கள். எங்கேயாவது குளிர்ந்த இடத்துக்குப் போனால்தான் பிழைக்கலாம் என்று எஞ்சியவர்கள் கண்டுகொண்டார்கள். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள். அந்த மலைக்கு உயரம் போதவில்லை. ஜுரம் அவர்களுக்கு முன்பே அங்கே ஏறி உட்கார்ந்திருந்தது. பிறகுதான் பழனி மலைத் தொடரின் உச்சிக்கு, கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி உயரத்துக்கு, வந்தார்கள். 1845-இல் அங்கே இரண்டு பங்களாக்கள் எழும்பின. இன்றைய கோடைக்கானலுக்கு அதுதான் கடைக்கால்.

அவர்கள் இந்த ஊரைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லில் எனக்குச் சம்மதம் இல்லை. அதற்கு 24 வருஷங்களுக்கு முன்பே, 1821-இல், வார்டு என்ற ராணுவ லெப்டினென்ட் இந்த மலையை அளக்க வந்தார். அவர் கூடாரம் அடித்தது வெள்ளகவி என்னும் மலைக் கிராமத்தில். கிராமம் என்று ஒன்று இருந்ததனால்தானே அங்கே கூடாரம் அடிக்க முடிந்தது! குன்னுவரும் பளியரும் புலையரும் அந்த மலையில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முந்தியவர்கள் எழுப்பிய கற்திட்டைகள் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கங்களில் இருக்கின்றன. மயில் குளிரில் நடுங்குகிறதே என்று இரங்கிப் போர்வையைக் கொடுத்த பேகன் ஆண்டது, இதே மலையின் வடக்கு அடிவாரத்துப் பொதினி, நமது பழனிதான். பெட்டியில் கம்பளியை மடித்து வைக்கும்போது அந்த வள்ளலை ஒரு விநாடி நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இனி, பிரயாணத்துக்கு வருவோம். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். இப்போது கோடைக்கானல் ரோடு என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருக்கும் அதே ஸ்டேஷன்தான். அங்கிருந்து பெரியகுளத்தை நோக்கி இரவெல்லாம் மாட்டு வண்டி. விடியற்காலையில் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அதற்கு மேல் சக்கரம் போகாது. சுமார் 12 மைல் தூரம், ஆறாயிரம் அடி ஏற்றம், ஒற்றையடிப் பாதை. குதிரை உள்ள துரைகள் குதிரையில் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நோயாளிகளும் எப்படிப் போனார்கள்? மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, நம் ஊர் மனிதர்களின் தோளின்மேல் போனார்கள். பெட்டி, படுக்கை, கட்டில், பீங்கான், புஸ்தகம் எல்லாம் தலைச்சுமையாகப் பின்னால் ஏறின.

ஒரு கணம் அந்தப் பாதையில் நின்று பாருங்கள். நாற்காலியில் இருப்பவர், குளிர்ந்த காற்று முகத்தில் படப் படப் பிழைத்துவிட்டோம் என்று பெருமூச்சு விடுகிறார். அவரைச் சுமக்கிறவன் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூலியை முடிந்துகொண்டு, மறுபடியும் அந்தக் காலராவும் வெயிலும் உள்ள சமவெளிக்கே இறங்கிப் போகிறான். பாதிரிமார் பொல்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மிச்சமிருக்கும் பிள்ளையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினால் அதில் குற்றம் காண எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குக் கால் கொடுத்தவர்கள் யார் என்பதும் சரித்திரத்தில் சேர வேண்டிய விஷயம். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டி, லா என்ற பொறியியல் அதிகாரியின் முயற்சியில் மோட்டார் போகும் மலைச் சாலை உருவான பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு என்றால், கூலியும் நின்றது என்று அர்த்தம்.

நாம் இப்போது ஏறுவது அந்த மோட்டார் சாலையில்தான். வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, டம்டம் பாறையிலிருந்து தூரத்தில் தலையாறு அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். 975 அடி உயரம், தமிழ்நாட்டிலேயே உயர்ந்தது. இத்தனை பெரிய அருவிக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் எலிவால் அருவி! தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெயரை மாற்றச் சொல்ல வாய் வராது. ஊருக்கு ஐந்து மைல் இருக்கும்போது சாலை ஓரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி. இதைப் பற்றித்தான் எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் தகராறு. பிரயாணத் திட்டம் போடுவதில் அவன் நிபுணன். நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான்.

"வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பத்து நிமிஷம் போதும், சித்தப்பா. ஒரு போட்டோ, ஒரு டீ, சுட்ட சோளம். கிளம்பிவிடலாம்."

"எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்."

"ஒரு மணி நேரம் என்ன செய்யப் போகிறீர்கள்?"

"அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கப் போகிறேன்."

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மலையிலிருந்து வருகிறது."

அதுதான் இல்லை. அந்தத் தண்ணீர் கோடைக்கானல் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரியும் இயற்கை வெட்டியது அல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர், 1863-இல், சதுப்பான ஒரு பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கினார். தம் கைப்பணத்தையும் அதில் போட்டார் என்று சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டவரும் அவரே. அறுபது ஏக்கர் பரப்பில், நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கிறது அது. கரை நிரம்பி வழிகிற தண்ணீர் காட்டுக்குள் ஓடி, 180 அடி கீழே குதிக்கும்போது அதற்கு வெள்ளி என்று பெயர் கிடைக்கிறது. ஆக, நாம் வண்டியை நிறுத்திக் கைகொட்டிப் பார்ப்பது ஒரு கலெக்டரின் ஏரியில் மிஞ்சிய நீர். ஏரியில் ஊரார் எதைக் கலக்கிறார்களோ, அதுதான் அருவியிலும் விழும். விடுதிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, இந்தச் சாதாரண உண்மைக்குக் கனம் கூடிக்கொண்டே வருகிறது.

தண்ணீரைப் பற்றி இன்னொரு செய்தி. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் வேண்டாம் என்று கழித்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1983-இல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. உள்ளே பாதரசம், வெளியே பாம்பார் சோலை. சோலை மரங்களின் வேர்களில்தான் மழை தங்கிக் கசிந்து ஓடையாகிறது. 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் மீனிலும்கூடப் பாதரசம் இருப்பதைப் பின்னர் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். உடம்பு கெட்டதென்று நியாயம் கேட்டு நின்ற தொழிலாளர்களில் 591 பேருக்கு 2016-இல்தான் உடன்பாடு கிடைத்தது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்கர்கள் ஏறி வந்த மலைக்கு, அமெரிக்காவிலிருந்தே இப்படியும் ஒரு சாமான் ஏறி வந்தது.

அட்டவணையில் வான ஆராய்ச்சிக் கூடத்துக்கு என் அண்ணன் மகன் இடமே ஒதுக்கவில்லை. நான் வற்புறுத்திச் சேர்த்தேன். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்று விசாரித்தவர்கள், சூரியனை ஆராய்ந்தால் பருவ மழையின் மர்மம் விளங்கலாம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்து 1899-இல் அமைந்தது அந்தக் கூடம். மழையின் மர்மம் பிடிபடவில்லை. ஆனால் 1909-இல் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளியே பாய்கிறது என்று இங்கிருந்து கண்டு சொன்னார். உலகம் அதற்கு அவர் பெயரையே வைத்தது.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் பாதைகளுக்கும் பங்களாக்களுக்கும் துரைமார் பெயர்கள் தாராளம். 1872-இல் மலை விளிம்பில் நடைபாதை போட்ட கோக்கர் பெயரில் கோக்கர்ஸ் வாக். லா துரை பெயரில் மலைச் சாலை. லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம். நாற்காலி சுமந்து ஏறிய அந்த 12 மைல் பாதை காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. முதுகில் பையும் கையில் தடியுமாக இளைஞர்கள் பணம் கட்டி அதில் நடக்கிறார்கள். சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் அதற்கு இல்லை. 'கூலி காட்' என்று சொல்கிறார்கள்.