ஓராண்டுப் பாலம்: புகுமுக வகுப்பும் தமிழ் மாணவரும்

ஒரு மொழியை அறியாதிருத்தல் அறிவின்மை ஆகாது. ஆயினும், நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிய காலம் ஒன்று இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, எழுத்திலும் கணக்கிலும் தேர்ந்த மாணவன், இடைநிலைப் பள்ளியின் வாயிலை மிதித்த அன்றே ஏதுமறியாதவன் ஆனான். அவ்வாயிலில் அவனுக்கென அமைக்கப்பட்டதே புகுமுக வகுப்பு. மக்கள் வழக்கில் அது ‘ரிமூவ் கிளாஸ்’. அதன் வரலாற்றை நோக்குவதும், ஆங்கிலம் கற்பிக்கும் இன்றைய தமிழாசிரியர்க்கு அது தரும் படிப்பினையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வேறு உலகங்கள்

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில், அதாவது ஓர் ஆங்கிலப் பள்ளியின் கூரையின் கீழேதான் தொடங்கிற்று. ஆயினும், அவ்விரு மொழிக் கல்வியும் பின்னர் வெவ்வேறு திசைகளில் சென்றன. சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் அமைந்த எங்கள் குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ நகரம் சில மைல் தொலைவே. அந்நகரில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895இலும், ஆண்டர்சன் பள்ளி 1909இலும், செயின்ட் மைக்கேல் பள்ளி 1912இலும் தோன்றின. அரசு அலுவல்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரியோரை இத்தகைய ஆங்கிலப் பள்ளிகள் உருவாக்கின.

செயின்ட் மைக்கேல் பள்ளி தோன்றிய அதே 1912ஆம் ஆண்டில்தான், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கத் தொழிலாளர் சட்டம் வகைசெய்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்திற்று. ஆனால் சட்டம் பள்ளியைத்தான் கேட்டது. பள்ளியின் தரத்தைக் கேட்கவில்லை. பல தோட்டங்களில் ஒற்றை அறையே பள்ளி. கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். அங்கே ஆங்கிலத்துக்கு இடமில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏணியாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக்கோ அது துரையின் மொழியாகவே நின்றது.

பாலம் அமைந்த வரலாறு

1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகளை அமைக்கப் பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதன்வழிப் பிறந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பினுள் ஏற்றன; மலாயையும் ஆங்கிலத்தையும் கட்டாயப் பாடங்களாக்கின. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையை ஒட்டி 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எழுந்தது. தமிழ்வழித் தொடக்கக் கல்வி நிலைபெற்றது. ஆனால் தமிழ்வழி இடைநிலைக் கல்வி வேரூன்றவில்லை. ஆறாம் ஆண்டுக்குப்பின் வேற்றுமொழிப் பள்ளியே கதி என்ற நிலையில், இரு கரைகளையும் இணைக்கப் பாலம் ஒன்று தேவையாயிற்று. அப்பாலமே புகுமுக வகுப்பு.

தொடக்கத்தில் நுழைவுத் தேர்வில் வென்ற சிலரே அதனைக் கடந்தனர். அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் மாணவர் தாமாகவே இடைநிலைக்கு உயர்த்தப்பட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வந்தனர். அவர்தம் வயதினர் முதற்படிவம் செல்ல, இவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் ஆங்கிலம் பயின்றனர்.

அவ்வாறு வந்தோருள் என் சிற்றப்பாவும் ஒருவர். 1966இல் அவர் புகுமுக வகுப்பில் சேர்ந்தார். பின்னக் கணக்கில் அவரை வெல்லத் தோட்டப் பள்ளியில் ஆள் இல்லை. ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பின்னத்தை எழுதி, ‘டினாமினேட்டர்’ எது என்று வினவினார். சிற்றப்பா எழுந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கோட்டின் கீழுள்ள எண்ணுக்குப் ‘பகுதி’ என்று பெயர் என்பதை அவர் நன்கறிவார். அதைத்தான் ஆசிரியர் கேட்கிறார் என்பதை அறியார். அன்று அவருக்கு ‘மந்தமானவன்’ என்ற பெயர் கிடைத்தது. மறு ஆண்டு அவர் பால்மரக் காட்டுக்குத் திரும்பினார். முதுமையில் இதனைச் சொல்லும்போது அவர் சினந்ததில்லை. “ஒரு வார்த்தைதாம்பா” என்று மட்டும் கூறுவார்.

அந்த ஒரு சொல்லை மாற்றித் தர அவ்வகுப்பில் எவரும் இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. புகுமுக வகுப்பு மாணவனுக்கு ஓராண்டுக் காலத்தைக் கொடுத்தது. அவன் ஏற்கெனவே பெற்றிருந்த அறிவைக் கணக்கில் எடுக்கவில்லை. பாலம் அக்கரையை நோக்கியே கட்டப்பட்டது. இக்கரையில் அதற்குக் கால் ஊன்றப்படவில்லை.

பாலம் திசைமாறியது

1970ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய்வழிக்கு மாறத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நடந்த இம்மாற்றம் 1976இல் முதற்படிவத்தையும் 1982இல் ஆறாம் படிவத்தையும் எட்டியது. புகுமுக வகுப்பும் மலாய்மொழிக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பாயிற்று. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் நின்றது. தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு அது மூன்றாம் மொழி. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப் பள்ளிக்கான புதிய கலைத்திட்டத்தின்படி, தமிழ்ப் பள்ளிகளில் ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கிற்று.

பின்னர் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப் பள்ளிகளில் அது வேண்டுமா என்று நம்மவரிடையே கடும் வாதம் எழுந்தது. இம்மாற்றங்கள் அனைத்திலும் எம்மொழியில் கற்பிப்பது என்பதே வினாவாயிற்று. அம்மொழியை அறியாத பிள்ளைக்கு யார், எவ்வாறு துணைநிற்பது என்ற வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது.

பிற நாடுகள் கண்ட தெளிவு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மொழி விளங்காத பிள்ளைக்கு மற்றவர்க்குரிய அதே நூலும் அதே ஆசிரியரும் அளிப்பது சமநீதி ஆகாது என்பது அதன் சாரம். இங்கிலாந்தின் கால்டர்டேல் பகுதியில் ஆங்கிலம் போதாத பிள்ளைகள் தனி மொழி நிலையங்களில் பயிற்றப்பட்டனர். அது மறைமுகப் பாகுபாடே என 1986இல் இனச் சமத்துவ ஆணையம் கண்டறிந்தது. அதன்பின், பொது வகுப்பினுள்ளேயே துணையாசிரியரைக் கொண்டு உதவும் முறை அங்கு வலுப்பெற்றது.

கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதற்குரிய காரணத்தை விளக்கினார். அன்றாட உரையாடலுக்குரிய மொழியைப் பிள்ளை ஏறத்தாழ ஈராண்டில் பெற்றுவிடும். பாடம் பயில்வதற்குரிய மொழிக்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். தாய்மொழியில் ஊன்றிய அறிவு பிறமொழிக்குப் பெயர்ந்து உதவும் என்பதும் அவர் கொள்கை. ஏழாண்டுப் பணியை ஓராண்டில் முடிக்கச் சொன்ன புகுமுக வகுப்பின் குறைபாடு இதனால் வெள்ளிடைமலை.

ஆசிரியர் கடன்

அவ்வகையில், ஆங்கிலம் பயிலும் பிள்ளைக்கு நாம் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, பிழையின் வேரைக் காண்பது. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ‘வீட்டில்’ என்பதில் உருபு பெயருக்குப் பின் வர, ஆங்கிலத்தில் அதற்கு நிகரான சொல் முன் வரும். பெயர்க்கு முன் ‘தி’ என்று சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பகரம் ஒன்றே இருவேறு ஒலிகளுக்கு நிற்கும். இவற்றை அறிந்த ஆசிரியர், பிள்ளையின் பிழையில் மடமையைக் காணார். தமிழ் இலக்கணத்தின் சுவட்டையே காண்பார்.

இரண்டாவது, கலைச்சொற்களை இணைத்துக் கற்பிப்பது. ‘பகுதி’ தெரிந்த பிள்ளைக்கு ‘டினாமினேட்டர்’ ஒரு புதிய பெயரே; புதிய பாடமன்று. மூன்றாவது, பொறுமை. அமைதியாய் இருக்கும் பிள்ளை அறியாத பிள்ளை என்று முடிவு கட்டலாகாது.

ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தமிழைக் கைவிட்டுத்தான் அதனைப் பெறமுடியும் என்பதே மறுக்கத்தக்கது. இரு கரைகளையும் அறிந்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 1966இல் என் சிற்றப்பாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல் இன்று நம் கையில் இருக்கிறது. நம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, விடை சொல்லாது நிற்கும்போது, அதனை உரிய நேரத்தில் எடுத்து வழங்குவோமாக.