உள்ளூர்க்காரர் தோற்ற இரவு

காரமடை பஸ் ஸ்டாண்டில் எவனாவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வம்புக்கு நின்றால், "இவுரு பெரிய தாராசிங்கு" என்று ஒரு குரல் வரும். ஆள் கொஞ்சம் தடியாக இருந்தால் "கிங்காங்கு". சொல்லும் பையன் இருவரையும் பார்த்திருக்கமாட்டான். தாத்தா காலத்துக் குஸ்திப் பேச்சு பேரன் நாக்கில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்த இரண்டாவது பெயருக்கு ஜப்பானில் ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஒரு குடுமியில் ஆரம்பித்தது.

1950-இல் ரிக்கிடோசான் என்ற சுமோ வீரர் தன் குடுமியைத் தானே அறுத்தெறிந்தார். சுமோவில் குடுமி போனால் பிழைப்பும் போச்சு. உச்சிக்கு இரண்டு படி கீழே, 'செகிவாகே' வரை ஏறியவர் அவர். கொரியாவில் பிறந்ததை வெளியே சொல்லிக்கொள்ளாதவர். குடுமியைத் துறந்த கையோடு கட்டட வேலை எடுக்கும் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை.

அடுத்த ஆண்டு அமெரிக்க மல்யுத்தக் குழு ஒன்று டோக்கியோவில் வந்து இறங்கியது. அதில் ஹரால்ட் சகாடா இருந்தார். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் வெள்ளி வென்றவர். ரிக்கிடோசானைக் கயிற்றுக்குள் இழுத்துவிட்டவர் அவர்தான். 1951 அக்டோபர் 28-இல் அதே குழுவின் பாபி பிரன்ஸோடு முதல் சண்டை. பத்தே நிமிடம், சமன். சுமோவில் நொடிக்கணக்கில் மோதிப் பழகிய உடம்பு, அந்தப் பத்து நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஹவாய் போய்ப் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்தபோது ஜப்பானில் ஒரு புதுப் பெட்டி காத்திருந்தது.

1953-இல் அங்கே டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது. விலை எட்டாததால் பெட்டிகளைத் தெருமுனைகளில் வைத்தார்கள். 1954 பிப்ரவரி 19-இல் ரிக்கிடோசானும் ஜூடோ வீரர் கிமுராவும் ஷார்ப் சகோதரர்களோடு மோதியதைப் பார்க்க ஷிம்பாஷியில் கூட்டம் நெரிந்தது. (கோவைப் பக்கம் அதே வருடம் பட்சிராஜா ஸ்டுடியோவின் 'மலைக்கள்ளன்' கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தது, சென்னைக்கே டி.வி. வர இன்னும் 21 ஆண்டு இருந்தது.) போரில் தோற்று ஒன்பது வருடம்கூட ஆகாத ஜனம், வெள்ளைக்காரர் நெஞ்சில் ரிக்கிடோசானின் கைவெட்டு விழும்போதெல்லாம் ஆர்ப்பரித்தது. ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள் என்பதை யார் விசாரித்தார்கள்? வெள்ளைக்காரரை அடித்தாயிற்று. அடுத்து ஆசியாவுக்கே ஒரு பட்டம் வேண்டியிருந்தது.

1955 நவம்பரில் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தார் கிங்காங். நிஜப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தாராசிங்கோடு மோதிப் பெயர் எடுத்த மலை உடம்பு. ஆசியப் பட்டத்துக்கு ஹங்கேரிக்காரரா என்று கேட்டால், குஸ்தி நடத்துபவர்கள் பாஸ்போர்ட்டையா பார்க்கிறார்கள்? கூட்டாளி பஞ்சாபி மல்லர் டைகர் ஜோகிந்தர் சிங். இருவர் அணிகளுக்கான ஆசியப் பட்டத்தின் இறுதிப் போட்டி நவம்பர் 16-இல். எதிரே ரிக்கிடோசானும், அவரை இந்தத் தொழிலுக்குள் இழுத்த அதே சகாடாவும். முடிவு என்ன என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

ரிக்கிடோசான் தோற்றார்.

ஆறே நாளில், 22-ஆம் தேதி, ஒற்றையர் பட்டத்துக்கு கிங்காங்கைச் சாய்த்து அவர் கணக்கைத் தீர்த்தார். இந்தத் தொழிலில் முடிவுகள் முன்கூட்டியே பேசி வைக்கப்படுபவை. வில்லனை முதலில் ஜெயிக்கவிட்டால்தான் அடுத்த வாரம் டிக்கெட் போகும். நம்மூர்க் கூத்து வாத்தியாருக்கும் தெரிந்த சூட்சுமம். ஆனால் அந்தச் சூட்சுமம் ஏட்டில் நிரந்தரமாக ஏறிவிட்டது.

1963-இல் இரவு விடுதித் தகராறில் கத்திக்குத்துப்பட்டு ரிக்கிடோசான் இறந்தார். அவர் தொடங்கிய மல்யுத்தச் சங்கம் 1973-இல் மூடப்பட்டது. சகாடா அதற்குள் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் தொப்பி வீசும் அடியாளாக உலகப் புகழ் பெற்றிருந்தார். அந்த இருவர் பட்டம் மட்டும் தூங்கிக் கிடந்தது. 1976-இல் மல்லர் ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனம் அதை எழுப்பியது. ஆல் ஏஷியா டேக் டீம் பட்டம் என்று இன்றும் மோதிக்கொள்கிறார்கள். ஜப்பானில் புழக்கத்திலிருக்கும் மல்யுத்தப் பட்டங்களில் மிகப் பழையது அதுதான். வென்றவர் பட்டியலில் மேலே போய்க்கொண்டே இருந்தால் முதல் வரியில் ரிக்கிடோசான் இல்லை. ஜோகிந்தர் சிங் இருக்கிறார். பக்கத்தில், காரமடை பஸ் ஸ்டாண்டில் தடித்த ஆளுக்கு வைக்கும் அதே பெயர்.